வியாழன் விடுமுறை: பலேர்மோவில் என் தம்பியின் குழுவைக் கேட்கப் போனது

போன கிழமை இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். பலேர்மோவுக்குப் போகிறாராம். பெரிய மேடைக் கச்சேரி வேண்டாமாம். உள்ளூர்ப் பிள்ளைகள் தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே சத்தப் பெட்டி தூக்கி றொக் வாசிக்கிற சின்ன இடங்கள் எப்படி இருக்கும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது 1997ஆம் ஆண்டு பங்குனி மாதத்துப் பலேர்மோதான். ஒரு வியாழன் முதல் ஞாயிறு வரை இருந்தேன். செலவெல்லாம் அந்தக் காலத்து லீராவில். அந்த இடங்கள் இன்றைக்கும் இருக்கின்றனவா தெரியாது. படியிறங்கிப் போகிற விதமும் காத்திருக்கிற விதமும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

நான் இசை படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மன்னாரிலிருந்து வந்து மெசினாவில் ஒரு சிஞ்ஞோராவை, வயதான வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். இத்தாலியனில் பேசியவர்களின் பேச்சையும் என் பேச்சில்தான் எழுத வரும்.

ஏன் போனேன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். என் தம்பி ரெஜி பலேர்மோவில் ஒரு குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தான். நான்கே கம்பி உள்ள, தடித்த குரல் கிற்றார் அது. பகலில் ஒரு கிழட்டு டாக்டர் வீட்டில் சமையலும் துப்புரவும். வீட்டு வேலைக்காரருக்கு இத்தாலியில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் விடுமுறை. அதனால் அந்தக் குழுவின் பயிற்சி வியாழன் பின்னேரம்தான். மற்றவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள், எந்த நாளும் வரக்கூடியவர்கள். ஆனாலும் அவனுடைய விடுமுறையைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கடைசியில் குழுவுக்குப் பெயரே ‘ஜொவெதி லீபெரோ’ ஆகிவிட்டது. வியாழன் விடுமுறை.

என்னை ஏழு தடவை கூப்பிட்டான். ஏழு தடவையும் எனக்கு ஏதோ வேலை இருந்தது. முந்தின கார்த்திகையில் மழை ஈரத்தில் அவனுடைய மோட்டோரினோ, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள், சறுக்கியது. இருபத்தாறு வயது. அடக்கத்துக்கு ஒரே நாள் லீவில் வந்து, மண் போட்டுவிட்டு இரவு ரயிலில் திரும்பினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். சாவதற்கு முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு ரெஜி எனக்கு ஒரு கசெற் தந்தான். பயிற்சி அறையில் ஒரே மூச்சில் பதிந்தது. “கடைசிப் பாட்டு நான் கட்டினது, முழுக்கக் கேள் அக்கா” என்றான். இரண்டு நிமிடம் கேட்டேன். தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். அது போர்க்காலம், எங்கள் வீட்டுப் பக்கம் தொலைபேசி இல்லை. நாங்கள் கடிதத்தைக் கசெற்றில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். தை மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் பங்குக் கோயில் பெண் ஒருத்தி அடுத்த நாள் காலை ஊருக்குப் பறக்கிறாள் என்று தெரியவந்தது. ஞாயிறு கடைகள் பூட்டு. கையில் இருந்த ஒரே கசெற் ரெஜியினுடையது. யாரும் மேலே பதியாமல் இருக்க, அதன் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் பல்லை அவன் உடைத்துவிட்டிருந்தான். நான் சிஞ்ஞோராவின் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்ரரில் ஒரு துண்டு வெட்டி, அந்தக் குழியை மூடி, அம்மாவுக்கு என் கடிதத்தைப் பேசினேன்.

ஊரில் புதுக் கசெற் கிடைப்பது கஷ்டம். அம்மா அதே கசெற்றின் மறுபக்கத்தில் பதில் பேசி ஆறு மாதத்தில் திருப்பி அனுப்பினார். அம்மாவின் குரல் இருந்ததால் அதை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். ரெஜி இரண்டு தடவை கேட்டான், “கேட்டனியோ அக்கா?” என்று. “ஓம், நல்லாயிருக்கு” என்றேன்.

மாசியில் தொத்தோவிடமிருந்து கடிதம் வந்தது. குழுவில் பாடுகிறவனும் கிற்றார் வாசிக்கிறவனும் அவன்தான். மேளக்காரப் பையனுக்குப் பட்டாளத்துக்கு வரச்சொல்லித் தாள் வந்துவிட்டதாம். இன்னும் இரண்டே நிகழ்ச்சி, வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று. பிறகு குழு இல்லை. “ரெஜியின் பாட்டு இரண்டிலும் உண்டு. வாருங்கள்” என்று எழுதியிருந்தான். சிஞ்ஞோராவின் மகள் நான்கு நாள் வந்து தாயோடு நிற்கச் சம்மதித்தாள். குழு கலைந்துபோக முதல், என் தம்பி என்ன வாசித்தான் என்று ஒரே ஒரு தடவை என் காதால் கேட்கவேண்டும். அதற்குத்தான் போனேன்.

மெசினா மத்திய நிலையத்தில் காலை ஒன்பது பத்துக்கு ரயில். பலேர்மோ இருநூற்றிருபத்துநான்கு கிலோமீற்றர். மூன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ரிக்கற் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு லீரா. வலது பக்க யன்னலோரம் இருங்கள், கடல் அந்தப் பக்கம். பாதை முழுக்கச் சுரங்கமும் கடலும் மாறி மாறி வரும். சுரங்கத்துக்குள் யன்னல் கண்ணாடியில் என் முகம் தெரியும். வெளியே வந்ததும் முகம் போய் அதே இடத்தில் கடல் நிற்கும். எத்தனை தடவை அப்படிப் போய் வந்தேன் என்று எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறி, தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தேன்.

நிலையத்திலிருந்து பொலித்தேமா சதுக்கம் வரை பஸ், ஆயிரத்து ஐந்நூறு லீரா. அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் போர்கோ வெக்கியோ. ரெஜி அங்கே மலர் அக்கா வீட்டில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்திருந்தான். மலர் அக்கா ஊர்காவற்றுறை ஆள். மாடி வீடுகளின் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. என்னை அவனுடைய கட்டிலிலேயே படுக்கச் சொன்னா.

“இரவு எங்கை போறாய்?”

“தம்பியின்ரை ஆக்கள் வாசிக்கினம் அக்கா. கேக்கப் போறன்.”

“தவக்காலம். ஆட்டம் பாட்டம் கூடாது.”

“ஓம்.”

“அவன் போய் ஒரு வருசமும் ஆகேல்லை.”

“ஓம் அக்கா.”

“ஓம் ஓம் எண்டுகொண்டு வெளிக்கிடு. அவனும் இப்பிடித்தான். நான் எவ்வளவு பேசினாலும் ஓம் எண்டிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுவான்.” பிறகு உள்ளே போய்த் தன்னுடைய கறுப்புக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டா. “நிலத்துக்குக் கீழை குளிரும். போடு.”

வியாழன் நிகழ்ச்சி வுச்சீரியா சந்தைக்குள். பகலில் மீன் விற்கிற சந்து, இரவில் கல்லெல்லாம் ஈரமாக மின்னும். கதவில் பலகை எதுவும் இல்லை. சத்தம் வருகிற கதவுதான் கதவு. உள்ளே பதினான்கு படி இறங்கவேண்டும். முன்பு கருவாட்டுக் கிட்டங்கியாக இருந்ததாம், மணம் இன்னும் சுவரில் இருந்தது. ரிக்கற் கிடையாது. சங்க அங்கத்தவர் அட்டை ஒன்று எழுதித் தருவார்கள், ஐயாயிரம் லீரா, ஒரு வருடத்துக்குச் செல்லும். தோடம்பழச் சோடா இரண்டாயிரம். பத்தரை மணி என்று ஒட்டியிருந்தார்கள். வாசிக்கத் தொடங்கியது பதினொன்று நாற்பதுக்கு. அதனால் அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

நான் அவசரப்பட்டுப் போய்விட்டேன். படியடியில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எல்லோரும் கறுப்பு. கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து. ஒரு பெண் நகத்துக்குக்கூடக் கறுப்புப் பூசியிருந்தாள். சிசிலியில் துக்கத்துக்குக் கறுப்பு உடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் சிஞ்ஞோரா கணவன் செத்து இருபது வருடமாக வேறு நிறம் உடுத்தியதில்லை. என் தம்பிக்காக இத்தனை பிள்ளைகளா என்று எனக்கு நெஞ்சு விம்மியது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, வருகிறவர்களின் கையைப் பிடிப்பார்கள். நானும் படியடியில் நின்று ஒவ்வொருவரின் இரண்டு கையையும் பிடித்தேன். “நன்றி. நான் ரெஜியின் அக்கா” என்றேன். அறுபது பேர் இருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. நெடுவலான ஒருவன் தொப்பியைக் கழற்றினான். மூக்கில் வளையம் போட்ட பெண் ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து, விடாமல் நின்றாள்.

கடைசியில் கிற்றாரோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். ரெஜியின் இடத்தில் வாசிக்கிற லொரெதானா அவள்தான். நான் அவளிடம், “பார் பிள்ளை, இத்தனை பேரும் துக்கம் உடுத்து வந்திருக்கினம்” என்றேன். அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்துபோனது.

“அக்கா, இவை எப்பவும் கறுப்புத்தான். கல்யாணத்துக்கும் இதோடைதான் போவினம்.”

எனக்கு எங்கேயாவது போய் ஒளிக்கலாம் போல இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பரவாயில்லை. இப்ப நீங்கள் கை பிடிச்சிட்டியள். இண்டைக்கு இது துக்கம்தான்.” ரெஜி என்னை அக்கா என்று சொல்லிச் சொல்லி, அந்தக் குழுவுக்கே நான் அக்காவாகியிருந்தேன்.

வாசித்தார்கள். முதல் இரண்டு பாட்டுக்கு மலர் அக்காவின் கம்பளிச் சட்டையின் நூல் தலைப்பைக் காதில் அடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்துவிட்டேன். கடலில் முழுகினால் வெளிச் சத்தம் எல்லாம் ஒன்றாகி ஒரே இரைச்சலாகக் கேட்குமே, அப்படி இருந்தது. தலைக்கு மேலே சிவப்பு வெளிச்சம் மிதந்தது. ஆட்கள் தண்ணீருக்கு அடியில் நிற்கிற புல் மாதிரி மெதுவாக ஆடினார்கள். இதில் எது பேஸ், எது மற்றது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன் லொரெதானா கீழே இறங்கிவிட்டாள். மேடை நடுவில் ஒரு கதிரை வைத்து, அதில் ரெஜியின் கிற்றாரைச் சாய்த்து, ஒரு வெளிச்சத்தை அதன் மேல் விட்டார்கள். அந்தப் பாட்டு மெல்லிசாக, கால் தரையில் படாமல் போகிற மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

தொத்தோ வேர்வையோடு என்னிடம் வந்தான். “பிடிச்சுதோ அக்கா? அவன்ரை பாட்டிலை அவன்ரை இடத்தை வெறுமையா விட்டிருக்கிறம். மரியாதைக்கு.”

“ஓம், நல்லாயிருக்கு” என்றேன்.

போர்கோ வெக்கியோவுக்கு இருபத்தைந்து நிமிட நடை. பாதி வழியில்தான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. அதே சொல். அவனிடம் சொன்ன அதே பொய். எட்டாவது தடவையும் நான் அவன் வாசித்ததைக் கேட்கவில்லை.

வெள்ளி காலை மலர் அக்கா ரொட்டியும் சம்பலும் தந்தா. தொத்தோவை எங்கே பிடிக்கலாம் என்று கேட்டேன். “அந்தப் பெடியனோ? தேப்பனோடை சியாகுல்லியிலை மண்டரின் தோடம்பழம் வெட்டுறான். பஸ்ஸிலை போ. ஏன், அங்கையும் கச்சேரியோ?” என்றா.

சியாகுல்லி நகரத்திலிருந்து ஒன்பது கிலோமீற்றர், பஸ்ஸில் நாற்பது நிமிடம், அதே ஆயிரத்து ஐந்நூறு லீரா. பங்குனியில் போனால் கட்டாயம் போங்கள். மற்ற இடங்களில் மண்டரின் முடிந்த பிறகு அங்கேதான் பழம் இருக்கும். அன்று தெற்கிலிருந்து சூடான காற்று வீசியது. வானம் வெள்ளையாக, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மரங்களுக்கு நிழலே இல்லை. தோட்டம் முழுக்க ‘கிளிக் கிளிக்’ என்று கத்தரிக்கோல் சத்தம். பழத்தைப் பிடுங்கமாட்டார்கள், காம்போடு வெட்டுவார்கள். தொத்தோ ஏணியின் மேல் இருந்தான்.

“தொத்தோ, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதிரையை வெறுமையா விடவேண்டாம். ஆராவது வாசிக்க வேணும்.”

“ஏன் அக்கா? நல்லாயிருக்கு எண்டியளே.”

“பொய் சொன்னனான். நான் அவன் வாசிச்சு ஒருநாளும் கேட்டதில்லை. வெறுங்கதிரையைக் கேக்க மெசினாவிலை இருந்து வரவேணுமோ?”

அவன் இறங்கி வந்தான். “அதை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது அக்கா. நாங்கள் எல்லாரும் பெரிய வீதியாலை நேராப் போவம். ரெஜி மட்டும் ஏதோ சந்துக்குள்ளாலை வந்து, சந்தியிலை எங்களைப் பிடிப்பான். பிழையா வாசிக்கிறதைவிட விடுறது நல்லம் எண்டு நினைச்சம். பதிஞ்ச கசெற் இரண்டுதான். ஒண்டைக் கார்க் கசெற் பெட்டி திண்டிட்டுது.” அப்போது அவன் முகம் மலர்ந்தது. “மற்றது உங்களிட்டையெல்லோ! கொண்டுவந்தனீங்களோ?”

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் இன்னும் அரை மணித்தியாலம் கழித்துத்தான். அதனால் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு, பிளாஸ்ரர், அம்மா, எல்லாம் சொன்னேன். தொத்தோ ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தான். ஒரு மண்டரினை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினான். இருவரும் தின்றோம்.

“எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?”

“ஆர் கண்டது? சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னனான்.”

“ஒரு பக்கம் முப்பது நிமிசம். அவன்ரை பாட்டுக் கடைசி. கசெற் இப்ப எங்கை?”

“இஞ்சை. பையுக்குள்ளை.”

அவன் எழும்பித் தகப்பனிடம் கார்ச் சாவி கேட்டுக் கத்தினான்.

அது ஒரு பழைய வெள்ளைக் கார். உள்ளே பழ மணம். நான் அந்தப் பக்கத்தை அதற்குமுன் ஒருநாளும் போட்டதில்லை. தான் பேசிய கடிதத்தை யார் திருப்பிக் கேட்கிறது? அம்மாவின் பக்கத்தை மட்டும்தான் கேட்பேன். முன்னுக்குச் சுற்றினால் பெட்டி நாடாவைத் தின்றுவிடும் என்று தொத்தோ பயந்தான். அதனால் தொடக்கத்திலிருந்தே கேட்டோம்.

என் குரல் வந்தது. சிஞ்ஞோராவின் கால் வீக்கம், மாவின் விலை, திருநாளுக்கு அனுப்பிய பணம் என்று சொல்லிக்கொண்டே போனது. பிறகு, “அம்மா, உங்கடை மகனுக்கு விசர் பிடிச்சிட்டுது. சம்பளத்தை ஒரு கிற்றாரிலை போட்டிட்டு நிக்கிறான். இரும்புக் கடை மாதிரிச் சத்தம். ஆரும் மனிசர் கேப்பினமோ? நீங்கள் ஒருக்காச் சொல்லி நிப்பாட்டுங்கோ. என்ரை சொல்லுக் கேக்கமாட்டான்.”

“என்ன சொல்லுறியள்?” என்றான் தொத்தோ.

“தம்பி சுகமா இருக்கிறான் எண்டு.”

“நீளமாச் சொல்லுறியள்.”

மறுபக்கத்தில் அம்மா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். அவன் வாசிக்கட்டும் பிள்ளை, நீ ஒருக்காப் போய்க் கேட்டனியோ? நூறு தடவை அதைக் கேட்டிருப்பேன்.

தொத்தோவின் தகப்பன் யன்னலில் சாய்ந்து நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இருபத்தாறு நிமிடம். சூட்டுக் காற்றில் இலைகள் உரசின. என் குரல் எனக்கே யாரோ ஒரு பெண்ணின் குரல் போல் ஆகிக்கொண்டு வந்தது. “சரி அம்மா, இனிக் கதைக்க ஒண்டுமில்லை” என்றாள் அவள். ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே, பாட்டின் நடுவிலிருந்து, அவர்கள்.

தொத்தோ என் கையை எடுத்துக் கார்க் கதவில் அமர்த்தினான். “இது. இந்த அதிர்வு. இதுதான் அவன்.”

மேல் மாடியில் யாரோ வெறுங்காலோடு நடந்து திரிகிற மாதிரி இருந்தது. போகிறான், நிற்கிறான், ஏதோ மறந்துபோய்த் திரும்பி வருகிறான். மற்றவர்கள் கத்திக்கொண்டு நேரே ஓடுகிறார்கள், அவன் தன்பாட்டில் நடந்து வந்து, சரியான இடத்தில் கூடவே நிற்கிறான். சாம்பல் தட்டில் கிடந்த சில்லறை கிணுகிணுத்தது. இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். பாட்டு நின்றது. யாரோ “சரியோ?” என்று இத்தாலியனில் கேட்டார்கள். என் தம்பி “ஓம்” என்றான். நாடா முடிந்தது.

தொத்தோ கசெற்றை வெளியே எடுத்தான். “அரைப் பாட்டுத்தான் இருக்கு அக்கா.”

“மற்ற அரையிலை நான் கதைக்கிறன்” என்றேன்.

லொரெதானாவிடம் கொடுக்கச் சொல்லிக் கசெற்றைத் தொத்தோவிடம் கொடுத்துவிட்டேன். ஊரிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அது என் பையை விட்டுப் போனது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வானம் மஞ்சளாகி, பாலைவனத்துத் தூசி யன்னல் விளிம்பெல்லாம் படிந்தது. கல்லறைக்குப் போய் அவனுடைய கல்லைத் துடைத்தேன். திரும்பி வர மறுபடி தூசி. பின்னேரம் மலர் அக்கா வீட்டு ரெலிபோன் அடித்தது. லொரெதானா. “அக்கா, கேளுங்கோ” என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள். “இதுவோ?” என்றாள். வாயில் ஓம் வந்தது. விழுங்கினேன். “தெரியேல்லை பிள்ளை. இன்னொருக்கா வாசி” என்றேன். நாலாவது தடவை, அவன் நின்று திரும்புகிற இடம் வந்தது. “அந்த இடத்திலை இன்னும் கொஞ்சம் நிண்டு வா” என்றேன். அவள் அப்படி ஒரு தடவை வாசித்தாள். “ஓம்” என்றாள், எங்கள் சொல்லில்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உடுத்தும்போது, மலர் அக்காவும் சேலை மாற்றிக்கொண்டு நின்றா. “நீ தனியப் போகவேண்டாம்” என்றா. கையில் ஒரு சட்டி அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டுப் போட்டது. தவக்காலத்துக்குப் பிழையில்லாத சாப்பாடாம்.

இந்த இடம் நகரத்தின் பழைய பகுதியில், கன்னியர் விட்டுப்போன ஒரு மடத்தின் முற்றம். இளம் பிள்ளைகள் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தார்கள். வாசலில் தொப்பி, விரும்பியதைப் போடலாம், நாங்கள் ஆளுக்கு மூவாயிரம் போட்டோம். பின்னேரம் ஐந்தரை என்று போட்டு ஆறேகாலுக்குத் தொடங்கினார்கள். எங்களைப் போல விடிய வேலைக்கு எழும்புகிறவர்களுக்கு இந்த மாதிரி ஞாயிறு நிகழ்ச்சிதான் தோது.

மலர் அக்கா முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தா. “எடியே, இத்தனை பேரும் துக்கமோ?”

“ஓம் அக்கா” என்றேன்.

அவ மேளக்காரப் பையனைத் தேடிப் பிடித்துக் கடலைச் சட்டியைக் கொடுத்தா. “பட்டாளத்திலை ஒழுங்காச் சாப்பாடு தருவினமோ? தின்.” அவன் தின்றுவிட்டுத்தான் மேடை ஏறினான்.

கடைசிப் பாட்டு. அதே கதிரை, அதில் அதே கிற்றார். கசெற்றில் அழிந்துபோன முதல் அரைக்கு அதை யாரும் தொடாமல் விட்டு, தொத்தோ பாடத் தொடங்கினான். இந்தத் தடவை எனக்கு அந்த வெறுமை கேட்டது. அதற்குள் என் குரல் இருந்தது. மாவின் விலை சொல்கிறேன், சிஞ்ஞோராவின் காலைச் சொல்கிறேன், இரும்புக் கடை என்கிறேன். முற்றத்துக்கு மேலே வானம் ஊதாவாகிக்கொண்டிருந்தது. தூக்கணாங்குருவி மாதிரி ஏதோ சின்னப் பறவைகள் வட்டம் போட்டன. இனிக் கதைக்க ஒண்டுமில்லை அம்மா, என்று மனதுக்குள் சொன்னேன். லொரெதானா நடந்து போய்க் கதிரையிலிருந்து கிற்றாரைத் தூக்கினாள்.

முதலில் பாதத்தில்தான் வந்தது. கல்லுக்குள்ளால் ஏறி முழங்கால், வயிறு, நெஞ்சு. பிறகு காது. போகிறான், நிற்கிறான், கொஞ்சம் கூடுதலாக நின்று திரும்பி வருகிறான்.

மலர் அக்கா என் கையை இறுக்கினா. “பிள்ளை, இது அவன் கோப்பை கழுவேக்கை தட்டுற தட்டல். என்ரை குசினியிலை நிண்டு, சட்டி, தட்டு, மூடி, எல்லாத்திலையும். நான் எத்தினை நாள் கத்தியிருப்பன், கையை வைச்சுக்கொண்டு சும்மா இரடா எண்டு.” அவவின் செருப்பு கல்லில் அந்தத் தாளத்தைத் தட்டியது.

பாட்டு முடிந்ததும் தொத்தோ என்னைப் பார்த்தான். நான் அங்கிருந்தே “ஓம்” என்றேன். கேட்டிருக்கும். எல்லோருக்குமே கேட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நான்கு நாளும் எனக்கு ரயில் தவிர இருபத்தைந்தாயிரம் லீராவுக்குள் முடிந்தது, மலர் அக்கா படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்காததால். நிகழ்ச்சி நடக்கிற இடங்களுக்குப் பத்திரிகையைப் பார்க்கவேண்டாம். கசெற் விற்கிற கடைக் கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டியிருக்கும், அதைப் பாருங்கள். நிலவறைக்குக் கம்பளிச் சட்டை கொண்டுபோங்கள். சத்தப் பெட்டிக்கு முன்னால் நிற்காமல் தூணோடு, சுவரோடு நில்லுங்கள், சத்தம் அதற்குள்ளாலும் வரும். வாசித்து முடித்துப் பெட்டி தூக்குகிற பிள்ளைகளிடம் போய்க் கதையுங்கள், களைத்திருந்தாலும் கதைப்பார்கள். தெரிந்த ஒருவர் கூப்பிட்டிருந்தால் முதல் தடவையே போய்விடுங்கள்.

கசெற்றைத் திருப்பித் தந்தபோது லொரெதானா, என் அம்மாவுக்கென்று ஒரு பிரதியும் எடுத்துத் தந்தாள். என் குரலை வெட்டி விடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அம்மாவுக்குத் தெரியும் நான் என்ன சொன்னேன் என்று.

திரும்புகிற ரயிலில் இடது பக்கம் இருங்கள், கடல் அந்தப் பக்கம் மாறிவிடும். திங்கள் காலை ரயிலில் நான் அங்கேதான் இருந்தேன். கசெற்றை மடியில் வைத்துப் பிளாஸ்ரரை உரிக்கத் தொடங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒட்டியிருந்ததால் துணி கையோடு வந்தது, பசை வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். சுரங்கம் வந்தது, கடல் வந்தது, சுரங்கம் வந்தது. செஃபலூ நிலையம் தாண்டும்போது அவன் உடைத்த குழி சுத்தமாகத் தெரிந்தது. விரல் நுனியை அதில் வைத்துப் பார்த்தேன். இனி அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது.